இந்தியாவுக்கு 29, நமக்கு 1: பராலிம்பிக் பதக்கக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

டிக்கோயாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு டவுனில் பிளேன்டீ குடிக்கப் போன இடத்தில் ஒரு வாக்குவாதம் வந்துவிட்டது, அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கம் எடுத்தது, இலங்கையில் நாம் எடுத்தது ஒன்றே ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஒருவர், நம் நாட்டில் விளையாடக்கூடிய ஆளே கிடையாது, ஏதோ அதிர்ஷ்டத்தில் ஒன்று கிடைத்தது என்று பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் துலான் கொடிதுவக்கு ஈட்டியை 67.03 மீற்றர் எறிந்து அந்த ஒரு பதக்கத்தை எடுத்த இரவில், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சிக்னல் கிடைக்காமல் கோயில் மேட்டுக்கு ஏறிப் போய், குளிரில் நின்று போனில் பார்த்தவன் நான். அந்த எறிதல் அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய வகையில் அது உலக சாதனை. ஆனால் கணக்கு என்று வரும்போது 29க்கும் 1க்கும் நடுவில் எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் முதல் கேள்வி இதுதான். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு எப்படி ஒப்பிடுவது? தங்கத்தை எண்ணுவதா, மொத்தத்தை எண்ணுவதா, சனத்தொகையால் வகுப்பதா?

இரண்டாவது சொந்தக் கேள்வி. என் அக்கா மகனுக்கு 14 வயது. பிறவியிலேயே இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. வலது கையால் கிரிக்கெட் பந்தை எறிந்தால் எங்கள் லயத்தில் பெரியவர்கள்கூட அவ்வளவு தூரம் எறிய மாட்டார்கள். ஆனால் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, உனக்கு எதற்கு, கொடியைப் பிடித்துக்கொண்டு நில் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பையன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இவன் போன்ற பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா ரசிகன்:

தம்பி, நல்ல கேள்வி. 2012இலிருந்து ஒரு பராலிம்பிக்கையும் விடாமல் பார்த்து வருகிறேன், ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியது. ஒலிம்பிக்கையும் பராலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தாலும் இலங்கை இதுவரை வாங்கிய தங்கம் ஒன்றுதான். அது ஓட்டவீரர் டங்கன் வைட்டுடையது இல்லை, அவருக்கு 1948இல் வெள்ளி. ஓட்டவீராங்கனை சுசந்திகாவுடையதும் இல்லை, அவருக்கு சிட்னி 2000இல் வெண்கலமாகக் கிடைத்துப் பிறகு வெள்ளியானது. தங்கம் தினேஷ் பிரியந்த ஹேரத்துடையது. டோக்கியோ, 2021 ஓகஸ்ட் 30, ஒரு கை பாதிக்கப்பட்டவர்களுக்கான எஃப்46 வகை ஈட்டி எறிதல், 67.79 மீற்றர், உலக சாதனை. அன்றைக்கு அவருக்குப் பின்னால் வெள்ளியும் வெண்கலமும் எடுத்தவர்கள் இரண்டு பேருமே இந்தியர்கள், தேவேந்திர ஜஜாரியாவும் சுந்தர் சிங் குர்ஜாரும். ஜஜாரியா 2016 ரியோவில் 63.97 எறிந்து தங்கம் எடுத்தபோது நம் தினேஷ் 58.23 எறிந்து வெண்கலத்தோடு நின்றார். ஐந்து வருடத்தில் ஒன்பது மீற்றருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்து அதே ஜஜாரியாவைத் தாண்டினார். ஈட்டி பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்பது மீற்றர் என்றால் என்னவென்று தெரியும்.

சரி, இனி கணக்கு. பாரிஸில் மொத்தம் 549 தங்கங்களுக்குப் போட்டி நடந்தது. அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் 329தான். ஏன் இவ்வளவு கூடுதல் என்றால், ஒரே ஈட்டி எறிதல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு போட்டி, ஒரு கை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு போட்டி, செயற்கைக் காலோடு எறிகிறவர்களுக்கு ஒரு போட்டி, உட்கார்ந்து எறிகிறவர்களுக்கு வேறு போட்டி என்று பிரியும். இந்த 549இல் மெய்வல்லுநர் (ஓட்டம், பாய்தல், எறிதல்) 164, நீச்சல் 141. பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே இருக்கிறது. நீச்சலில் ஒரே ஆள் பல போட்டிகளில் இறங்கலாம். சீனாவின் ஜியாங் யூயான் என்ற பெண் பாரிஸில் தனி ஆளாக 7 தங்கம் எடுத்தார். இந்தியா முழு நாடாகச் சேர்ந்து எடுத்த தங்கமும் 7தான்! அப்படியானால் இந்தியாவும் அந்த ஒரு பெண்ணும் சமமா? நீச்சல் தடாகம் இருக்கிற நாட்டுக்குப் பட்டியல் தானாகவே நீளும், அவ்வளவுதான். இந்தியாவின் 29இல் நீச்சல் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 17 மெய்வல்லுநரில், 5 பட்மிண்டனில், 4 துப்பாக்கி சுடுதலில், 2 வில்வித்தையில், 1 ஜூடோவில்.

தங்கமா மொத்தமா என்றால், வழக்கமாகப் போடுகிற பட்டியல் தங்கத்தை வைத்துத்தான் வரிசை போடும். பாரிஸில் சீனா 94 தங்கம், மொத்தம் 220. பிரிட்டன் 49, மொத்தம் 124. அமெரிக்கா 36, மொத்தம் 105. நான்காவது யார் தெரியுமா? நெதர்லாந்து. 27 தங்கம், மொத்தம் 56. ஐந்தாவது பிரேசில் 25 தங்கம், ஆனால் மொத்தம் 89. மொத்தத்தை எண்ணினால் பிரேசில் நெதர்லாந்தைத் தாண்டி மேலே போய்விடும். நான் இரண்டையும் எழுதி வைப்பேன். தங்கம் ஒரு நாட்டின் உச்சியைக் காட்டும், மொத்தம் அதன் அகலத்தைக் காட்டும். எனக்கு அகலம்தான் பெரிது.

சனத்தொகையால் வகுத்தால் இந்தியாவில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு ஒரு பதக்கம். நாம் 2 கோடி 20 இலட்சம் பேர், ஒரு பதக்கம். ஆக, தலைக்கணக்கில் நாம் இந்தியாவுக்கு மேலே! தேநீர்க்கடையில் பேசிய அந்த ஆளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இராகலை டீச்சர்:

ஊவா ரசிகன் அண்ணா, உங்கள் கொப்பிக் கணக்கை எப்போதும் விரும்பிப் படிக்கிறவள் நான். ஆனால் அந்தக் கடைசிப் பந்தியோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பதக்கத்தை வைத்துக்கொண்டு சனத்தொகையால் வகுக்கவே கூடாது. அன்றைக்குத் துலானுக்குத் தோளில் ஒரு பிடிப்பு வந்திருந்தால் நம் கணக்கு பூச்சியம். பூச்சியத்தை எதால் வகுப்பது? அப்புறம், வகுக்கத்தான் வேண்டுமென்றால் நெதர்லாந்தோடு வகுத்துப் பாருங்கள். பரப்பிலும் சனத்தொகையிலும் நம்மைவிடச் சின்ன நாடு, ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் பேர். அங்கே மூன்று இலட்சத்துச் சொச்சம் பேருக்கு ஒரு பதக்கம் வருகிறது. இந்தியாவைவிட மேல் என்று சொல்லி நாம் திருப்திப்பட்டால் இந்தத் தம்பியின் மருமகனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. இலங்கை இதுவரை பராலிம்பிக்கில் எடுத்தது ஐந்து பதக்கம். 2012 இலண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம், அதுதான் முதல் பதக்கம். 2016இல் தினேஷ் வெண்கலம். டோக்கியோவில் தினேஷ் தங்கம், அதே நாளில் துலான் வெண்கலம். பாரிஸில் துலான் வெள்ளி. ஐந்து பதக்கம், மூன்றே பேர். ஒன்று ஓட்டம், மீதி நான்கும் ஈட்டி. பெண் ஒருவர்கூட இல்லை. மூன்று பேருமே இராணுவத்தைச் சேர்ந்தவர்கள்.

கடைசியாகச் சொன்னதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினேஷ் எறிந்த அன்று நானும் கைதட்டி அழுதவள்தான், அவர்களைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஏன் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இராணுவத்தில் காயப்பட்டவருக்கு வைத்தியசாலை இருக்கிறது, புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, மைதானம், பயிற்றுநர், நேரத்துக்குச் சாப்பாடு இருக்கிறது, மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அவரைப் போலவே விளையாட ஆசைப்படுகிற இன்னும் பத்துப் பேர் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டு வீரர் உருவாக வேண்டியது எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. பிறவியிலேயே கை இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கோ, மரத்திலிருந்து விழுந்து கால் போன பிள்ளைக்கோ இதில் ஒன்றாவது இருக்கிறதா? அதனால் அந்த ஒரு பதக்கத்தை வைத்து நம் ஆட்களின் திறமையை அளக்க முடியாது. நாட்டில் திறந்திருப்பது ஒரே ஒரு வாசல், அதன் வழியாக வந்தவர்கள்தான் ஐந்து பதக்கம் எடுத்திருக்கிறார்கள். மற்ற வாசல்களையும் திறந்தால் எத்தனை வரும்?

இந்தியாவும் 2016 ரியோவில் நான்கே பதக்கம்தான் எடுத்தது. டோக்கியோவில் 19, பாரிஸில் 29. எட்டு வருடத்தில் அங்கே மனிதர்களா மாறினார்கள்? இல்லை. பதக்கம் எடுக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கும் வெளிநாட்டுப் போட்டிக்கும் பணம் கொடுக்கிற திட்டத்தில் இவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அப்புறம் ரியோவில் வென்றவர்களைப் பார்த்துப் புதிதாகப் பலர் வந்தார்கள். தமிழ்நாட்டு மாரியப்பன் தங்கவேலு ரியோவில் உயரம் பாய்தலில் 1.89 மீற்றர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். சேலம் பக்கத்துக் கிராமம், ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், அம்மா காய்கறி விற்று வளர்த்தார். நம் லயத்துக் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாரிஸில் தமிழ்நாட்டிலிருந்து மட்டும் மூன்று பெண் பிள்ளைகள் பட்மிண்டனில் பதக்கம் எடுத்தார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ், நித்ய ஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலம். இதை என் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் சொன்னபோது, மிஸ், அவர்களும் தமிழா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என் காதில் இன்னும் இருக்கிறது.

ஊவா ரசிகன்:

டீச்சர், நீங்கள் சொன்னது சரி. அந்தக் கடைசிப் பந்தியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொப்பியிலும் இனி அந்த வகுத்தல் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாடும் எத்தனை விதமான விளையாட்டில், எத்தனை வகைகளில், எத்தனை பெண்கள் என்று எழுதிப் பார்க்கப் போகிறேன்.

பணம் பற்றி ஒரு விடயம். பிரிட்டனும் பிரேசிலும் லொத்தர் வருமானத்தில் ஒரு பகுதியைச் சட்டப்படி விளையாட்டுக்கு ஒதுக்குகிற நாடுகள், பிரேசிலில் பராலிம்பிக் குழுவுக்கென்றே ஒரு பங்கு போகிறது. நம் டவுன்களிலும் பஸ் நிலையத்திலும் லொத்தர் விற்கிறவர்களில் எத்தனை பேர் கால் முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள்! அந்தச் சீட்டுப் பணத்தில் ஒரு துளி அவர்களுடைய பிள்ளைகள் வயதுக்காரர்களின் மைதானத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முறை சீட்டு எடுக்கும்போதும் நினைப்பேன்.

நமக்கு ஏன் ஈட்டி மட்டும் என்பதற்கும் பணம்தான் பதில். ஓட்டப்பந்தயச் சக்கர நாற்காலி, ஓடுவதற்கான செயற்கைக் கால், இதெல்லாம் சாதாரணக் குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில் இல்லை. ஈட்டி அப்படி இல்லை. ஒரு ஈட்டியை இருபது பேர் மாறி மாறி எறியலாம்.

பொகவந்தலாவை மாமா:

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள். நான் தேயிலை ஸ்டோரில் ரோலரில் வேலை செய்தவன். வலது கையில் மூன்று விரல் போனது, 1994இல். அப்போது எனக்கு 26 வயது, வாலிபால் நன்றாக விளையாடுவேன், தோட்டங்களுக்கு இடையிலான போட்டிக்கெல்லாம் போவேன். விரல் போனதும் பந்தைத் தொடவில்லை. யாரும் விளையாட வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை.

டீச்சர் சொன்ன அந்த வாசல் கதையைப் பேத்தி வாசித்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. தம்பி, அந்தப் பையனைக் கொடி பிடிக்க விடாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

டிக்கோயாக்காரன்:

மாமா, நீங்கள் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து களைப்பாக உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மகனுடைய பழைய சப்பாத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணா, டீச்சர், ஒன்று கேட்கிறேன். எஃப்46 என்று சொல்கிறீர்களே, என் மருமகன் எதில் வருவான்? துலானுக்கு அவருடைய வகையில் உலக சாதனை என்றால் ஏன் வெள்ளி கிடைத்தது? தேநீர்க்கடையில் இதையும் கேட்டு மடக்கினார்கள்.

ஊவா ரசிகன்:

எஃப் என்றால் எறிதல் நிகழ்ச்சிகள், டீ என்றால் ஓட்டம். உயரம் பாய்தலுக்கும் நீளம் பாய்தலுக்கும் டீ என்றே போடுவார்கள், அதில் குழம்பாதீர்கள். பின்னால் வரும் எண்ணில் முதல் இலக்கம் எந்த மாதிரிப் பாதிப்பு என்று சொல்லும். 11 முதல் 13 பார்வை, 20 அறிவுத்திறன், 30களில் மூளைமுடக்குவாதம் போன்றவை, 40, 41 குள்ளமானவர்கள், 42 முதல் 44 கால், 45 முதல் 47 கை, 50களில் உட்கார்ந்து போட்டியிடுகிறவர்கள், 61 முதல் 64 செயற்கைக் காலோடு போட்டியிடுகிறவர்கள். காது கேளாதவர்களுக்குப் பராலிம்பிக்கில் இடமில்லை, அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனியாக நடக்கிறது.

துலான் எஃப்44. செயற்கைக் கால் இல்லாமல், கால் பாதிப்போடு எறிகிறவர். ஆனால் பாரிஸில் 44க்கு என்று தனிப் போட்டி வைக்காமல் 64ஓடு சேர்த்துவிட்டார்கள். அங்கே இந்தியாவின் சுமித் அண்டில் 70.59 எறிந்து தங்கம் எடுத்தார். துலானின் 67.03 எஃப்44இல் உலக சாதனை, சேர்த்து நடத்திய போட்டியில் வெள்ளி. இரண்டும் உண்மை. அதனால்தான் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள், போட்டியைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பராலிம்பிக்கின் சொந்த யூடியூப் பக்கத்தில் பழைய போட்டிகள் நிறைய இருக்கின்றன.

உங்கள் மருமகன் ஈட்டிக்கு எஃப்46இல் வரக்கூடியவன். முடிவு சொல்வது நானில்லை, அதற்கென்று பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் நேரில் பரிசோதித்துத்தான் சொல்வார்கள். ஆனால் ஜஜாரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பி பட்டு இடது கையை இழந்தவர். அவர் எறிந்தது எஃப்46இல்தான், 2004 ஏதென்ஸில் தங்கம், 2016இல் தங்கம், 2021இல் வெள்ளி. பையனிடம் முதலில் அவர் எறிவதைக் காட்டுங்கள், அப்புறம் தினேஷ் எறிவதை.

இராகலை டீச்சர்:

தம்பி, நான் மெய்வல்லுநர் பயிற்சி கொஞ்சம் எடுத்தவள், அதை வைத்துச் சொல்கிறேன். ஈட்டி எறியும்போது எறியாத கையும் வேலை செய்யும். இடது கையை முன்னால் நீட்டி, எறியும் நேரத்தில் உடம்போடு இழுத்துக்கொள்வதால்தான் தோள் வேகமாகத் திரும்பும். அந்தக் கை பாதி இருக்கிற பிள்ளைக்குச் சமநிலை வேறு மாதிரி வரும், அதனால் வயிற்றுத் தசைக்கும் முதுகுக்கும் கூடுதல் பயிற்சி தேவை. தோட்டத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்குக் கால் பலம் ஏற்கெனவே இருக்கும், அது பெரிய சொத்து. எடுத்த எடுப்பில் 800 கிராம் ஈட்டியைக் கொடுத்துவிடாதீர்கள், அது வளர்ந்த ஆண்களுக்கு, முழங்கை போய்விடும். முதலில் பந்து, அப்புறம் இலேசான மூங்கில் கம்பு, ஓடாமல் நின்ற இடத்திலிருந்து மூன்று மாதம். தேயிலை நடுவில் எறிய வேண்டாம், கொழுந்து எடுக்கிறவர்கள் நிற்பார்கள்.

பாடசாலைக்குக் கோபமாகப் போகாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில், இந்தப் பிள்ளை எறிதல் நிகழ்ச்சியில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து பங்குபற்ற விரும்புகிறான் என்று எழுதி, அக்கா கையெழுத்துப் போட்டு அதிபரிடம் கொடுக்கட்டும். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே விவரத்தைக் கொழும்பில் தேசிய பராலிம்பிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், அதில் அவன் எறிந்த தூரம் அளந்து எழுதப்பட்டிருந்தால் நல்லது. நன்றாக எறிவான் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எத்தனை மீற்றர்?

டிக்கோயாக்காரன்:

இதுவரை அளந்ததே இல்லை டீச்சர். எங்கள் லயக்கோடியிலிருந்து எறிந்தால் கீழ் லயத்துத் தண்ணீர்ப் பைப்பைத் தாண்டும், அதுதான் எங்கள் அளவு.

பொகவந்தலாவை மாமா:

வீடு கட்டும் வேலைக்கு வாங்கிய 50 மீற்றர் டேப் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் மைதானத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலை பஸ்ஸில் நானும் பேத்தியும் வந்துவிடுகிறோம். மழை வந்தால் அடுத்த ஞாயிறு.

டிக்கோயாக்காரன்:

சரி மாமா, கட்டாயம் வருகிறோம்.

டிக்கோயாக்காரன்:

ஞாயிறு இரவு எழுதுகிறேன். மழை இல்லை, பனிமூட்டம்தான். கிரிக்கெட் பந்து, மூன்று முறை எறிந்தான். மாமாவே டேப்பைப் பிடித்தார், மற்ற முனையைப் பேத்தி பிடித்தாள். டேப் ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டது, முடிந்த இடத்தில் குச்சி நட்டுத் திரும்பவும் பிடிக்க வேண்டியிருந்தது. 54, 57, கடைசி எறிதல் 61 மீற்றர். மாமா மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையன் அந்தத் துண்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறான். டீச்சர், கடிதத்தை நாளைக்கு எழுதுகிறோம், அனுப்புவதற்கு முன் இங்கே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தாருங்கள்.